மூண்டாம் சுற்றுக்குப் பிறகு பிள்ளையள் ஏன் வாறேல்லை?

வாணி_கொக்குவில்
திங்கள், இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில ஒரு கம்பனியில மனிதவளப் பிரிவில வேலை செய்யிறன். தலைமைக் கந்தோர் கொழும்பில, இஞ்ச ஒரு நாப்பது பேர். வருசத் தொடக்கத்தில ரெண்டு கணக்கு உதவியாளர் வெற்றிடத்துக்கு விளம்பரம் போட்டம். 63 விண்ணப்பம் வந்தது. 14 பேரைச் சோதினைக்குக் கூப்பிட்டம், 11 பேர் வந்து எழுதினவை, 6 பேர் சித்தி. அந்த ஆறு பேரோடயும் கொழும்பிலயிருந்து போனில கதைச்சினம், ஆறு பேரையும் பிடிச்சுது. பிறகு கொழும்புக்கு நேர்முகத்துக்கு வரச் சொன்னம். மூண்டு பேர்தான் போனவை. கடைசியா ரெண்டு பேரைத் தெரிஞ்சு, வேலை தாறம் எண்டு சொல்லக் கோல் எடுத்தால் ஒருத்தர் "நான் வேற இடத்தில சேர்ந்திட்டன் அக்கா" எண்டார். மற்றவர் போனே எடுக்கேல்லை. மிஞ்சின ஆளைக் கூப்பிட்டு வைச்சிருக்கிறம். ஒரு கதிரை இன்னும் வெறுமையாக் கிடக்கு.

கந்தோரில எல்லாரும் சொல்லுறது "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு வேலையில ஆர்வமில்லை" எண்டுதான். எனக்கு அதை ஏற்க மனமில்லை. ஏனெண்டால் சோதினை நாளில நான்தான் மண்டபத்தில நிண்டனான். ஒரு பிள்ளை, எங்கட வினாத்தாளில இருந்த பரீட்சை மீதி (வரவும் செலவும் ரெண்டு பக்கமும் சமமா வரவேண்டிய கணக்குப் பட்டியல்) 1,800 ரூபாவால பொருந்தேல்லை எண்டதைக் கண்டு பிடிச்சு, ஓரத்தில பென்சிலால "இதில தரவு பிழை போல, நான் இப்படி எடுத்துக்கொண்டு செய்யிறன்" எண்டு வடிவாக் குறிப்பு எழுதிப் போட்டு மிச்சத்தைச் செய்திருந்தவ. அந்த வினாத்தாள் மூண்டு வருசமா எங்களிட்ட இருக்கு. ஆரும் அந்தப் பிழையைக் காணேல்லை. அந்தப் பிள்ளை கொழும்புக்கு வரேல்லை. ஆர்வமில்லாத ஆள் அப்படிக் குறிப்பு எழுதுமோ?

வேலைக்கு விண்ணப்பிச்சு இடையில விட்டனீங்கள், ஆளெடுக்கிற பக்கத்தில இருக்கிறனீங்கள் ரெண்டு பேரும் மனசில உள்ளதைச் சொல்லுங்கோ. எனக்கு உண்மையாவே தெரிய வேணும்.

இரவுபஸ்
திங்கள், இரவு 9.25

வாணி அக்கா, நான் இடையில விட்ட ஆள். மென்பொருள் சோதிக்கிற வேலை. போன வருசம் ஒரு கொழும்புக் கம்பனிக்குப் போட்டனான். முதல் ஒன்லைன் சோதினை, பிறகு வீடியோவில ஒரு நேர்முகம், பிறகு நேரில வரச் சொல்லி மூண்டு தரம்.

நேரில எண்டால் என்ன எண்டதைக் கொழும்பில இருக்கிறவைக்கு விளங்கப்படுத்துறது கஸ்ரம். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். இரவு பஸ் ஏறினால் விடியப்புறம் வெள்ளவத்தை. சேட்டை மடிச்சால் கசங்குமெண்டு ஹாங்கரோட யன்னல் கம்பியில கொழுவிக்கொண்டு போவன். கூட்டாளியின்ர அறைக் கதவைத் தட்டி, அவன்ர நித்திரையையும் குழப்பி, குளிச்சு வெளிக்கிட்டு, ஒன்பது மணிக்குப் போய் வரவேற்பறையில பதினொண்டு மட்டும் இருந்து, அரை மணித்தியாலம் கதைச்சு, திரும்ப இரவு பஸ். அடுத்த நாள் விடியத் திரும்பி வந்து மத்தியானம் வேலைக்குப் போகவேணும். எங்களுக்கு வருசத்துக்கு 7 நாள்தான் காசுவல் லீவு. மூண்டு பயணத்துக்கு நாலரை நாள் போட்டுது. இருக்கிற கந்தோரிலயும் பொய் சொல்ல வேணும். அம்மாவுக்குச் சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டுப் பஸ்ஸில இருக்கேக்க வயிறு கலக்கும்.

இதெல்லாத்தையும் நான் பொறுத்துக்கொண்டனான். விட்ட காரணம் வேற. மூண்டாவது தரம் போகேக்க, முன்னால இருந்தவர் என்ர விண்ணப்பத்தை அப்பத்தான் கையில எடுத்தார். பேனையால ஒவ்வொரு வரிக்கும் கீழ கோடு போட்டுப் போட்டு எனக்கு முன்னால வாசிக்கிறார். வாசிச்சு முடிய "உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ" எண்டார். அந்தக் கேள்விக்கு நான் அதே கட்டிடத்தில ஏற்கெனவே ரெண்டு தரம் பதில் சொல்லியிருந்தன். ஒருத்தருக்கொருத்தர் ஒரு குறிப்புக்கூடக் குடுக்கேல்லை எண்டது அப்ப விளங்கிச்சு. இஞ்ச சேர்ந்தால் என்ர வேலையையும் இப்பிடித்தான் பாப்பினம் எண்டு நினைச்சன். ரெண்டு கிழமைக்குப் பிறகு நாலாவது தரம் வரச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. மரியாதையா ரெண்டு வரி எழுதி விலகினன். அதுக்கும் பதில் இல்லை.

தென்மராட்சியான்
திங்கள், இரவு 9.50

தம்பி சொல்லுறது சரியா இருக்கலாம். ஆனால் நாங்கள் ஒரு வேலைக்கு ரெண்டு வருசம் காத்திருந்த ஆக்கள். சண்டை நேரம் தாண்டிக்குளம் சோதனைச் சாவடியில கியூவில நிண்டு, பாஸ் எடுத்து நேர்முகத்துக்குப் போயிருக்கிறம். இப்ப ரெண்டு கிழமை பதில் வராட்டி மனம் உடைஞ்சு போயினம். கொஞ்சம் பொறுமையும் வேணும்.

பனையோலை
திங்கள், இரவு 10.35

தென்மராட்சியான் அண்ணை, நீங்கள் பட்ட பாட்டை ஆரும் குறைச்சுச் சொல்ல ஏலாது. ஆனால் அப்ப உங்களுக்குக் காத்திருக்கிறதை விட வேற வழி இருந்ததோ? வழி இருக்கிற ஆள் காத்திருக்காது. எல்லாச் சிக்கலும் அதிலதான் இருக்கு.

நான் முகாமைத்துவ மாணவருக்கு நிறுவன உளவியல் படிப்பிக்கிறன். இதைப் பற்றிப் பழைய ஆய்வு ஒண்டு இருக்கு. 1991 இல வெளிவந்தது. அமெரிக்காவில கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேலை தேடிக்கொண்டிருந்த மாணவரை இருத்திவைச்சு விரிவாக் கேட்டவை. கம்பனிக்குள்ள என்ன நடக்குது எண்டு விண்ணப்பதாரருக்குத் தெரியாது. அதால கண்ணில படுற சின்னச் சின்ன விசயங்களை வைச்சு மிச்சத்தைத் தாங்களே கணிப்பினம். பதில் பிந்தினால் "என்னை வேண்டாமெண்டு முடிவெடுத்திட்டினம்" எண்டோ "இந்த இடம் ஒழுங்கில்லை" எண்டோ எடுப்பினம். அதைவிட முக்கியம், தாமதத்தைப் பாத்து முதல் விலகினது நல்ல புள்ளி எடுத்த, வேற இடத்திலயும் கேள்வி இருந்த மாணவர்தான்.

அப்ப யோசிச்சுப் பாருங்கோ வாணி. நீங்கள் வைச்ச ஒவ்வொரு கிழமையும் ஒரு சல்லடை. ஆனால் அது திறமையைச் சலிக்கேல்லை. வேற வழி உள்ள ஆக்களை வெளிய விட்டு, வழியில்லாத ஆக்களை உள்ள வைச்சிருக்குது. கடைசியில நிக்கிற ரெண்டு பேரில கெட்டிக்காரரும் இருப்பினம், வீட்டுப் பொறுப்பால வெளியூர் போக ஏலாத அருமையான பிள்ளையளும் இருப்பினம். ஆனால் அவையைத் தெரிஞ்சது உங்கட சோதினை இல்லை.

சுற்றுக் கூடினால் முடிவு திருந்தும் எண்டு நினைக்கிறதும் பிழை. கூகிளில ஒரு காலத்தில ஒரே ஆளைப் பத்துத் தரத்துக்கு மேலயும் நேர்முகம் கண்டவை. பிறகு தங்கட தரவையே ஆராய்ஞ்சு பாத்தால், நாலு நேர்முகத்தோட 86 வீதம் உறுதியா முடிவெடுக்கலாம், அதுக்குப் பிறகு ஒவ்வொரு நேர்முகமும் கூட்டுறது சுமார் 1 வீதம்தான் எண்டு கண்டவை. நாலோட நிப்பாட்டினவை. அது கூகிளுக்கு. கணக்கு உதவியாளருக்கு ஒரு நல்ல சோதினையும், எல்லாரிட்டயும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் புள்ளி போடுற ஒரு நேர்முகமும் காணும்.

தென்மராட்சியான்
திங்கள், இரவு 10.52

வழி இருக்கிற ஆள் காத்திருக்காது எண்டது சரிதான் பிள்ளை. எங்களுக்கு இருக்கேல்லை.

இளைப்பாறிய_எழுதுவினைஞர்
செவ்வாய், காலை 6.10

நான் அரச சேவையில 34 வருசம் இருந்து இளைப்பாறினவன். அதில கனகாலம் தாபனக் கிளையில, அதாவது ஆளெடுக்கிற கோப்புகள் நடக்கிற இடத்தில. நீளமான நடைமுறைக்காகவும் ஒருத்தர் கதைக்க வேணும்.

வெள்ளிக்கிழமை வர்த்தமானியில அறிவித்தல் வரும். விண்ணப்பம் பதிவுத் தபாலில வரவேணும். கடித உறையின்ர இடது பக்க மேல் மூலையில பதவியின்ர பேர் எழுத வேணும். பரீட்சைத் திணைக்களம் சோதினை வைக்கும். பிறகு புள்ளி வரிசை, நேர்முகத்தில மூலச் சான்றிதழ் பாக்கிறது, நியமனம். வெளியில இருந்து பாக்கிறவைக்கு இது ஆமை. ஆனால் ஒவ்வொரு படிக்குப் பின்னாலயும் ஒரு அநியாயம் நடந்த கதை இருக்கு. ஆரோ ஒருத்தர்ர விண்ணப்பம் துலைஞ்சதால பதிவுத் தபால் வந்தது. ஆரோ ஒருத்தர் போலிச் சான்றிதழ் குடுத்ததால மூலம் பாக்கிறது வந்தது. 1956 இல தனிச் சிங்களச் சட்டம் வந்து எங்கட ஆக்களுக்கு அரச கந்தோர் கதவு ஒடுங்கினது. 70களில தரப்படுத்தல் வந்து பல்கலைக்கழகக் கதவு ஒடுங்கினது. அதுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துச் சனம் எதை நம்பினது? வெளிப்படையான புள்ளியைத்தான். சோதினை எழுதி, புள்ளி ஒட்டி, வரிசைப்படி கூப்பிட்டால் ஆரும் ஆரையும் பிடிச்சு உள்ள வர ஏலாது எண்டுதான். நடைமுறையைச் சுருக்குங்கோ எண்டு சொல்லுறவையிட்ட நான் கேக்கிறது, சுருக்கேக்க முதல் வெட்டுப்படுறது எது? ஒரு தெரிஞ்ச ஆளும் இல்லாத ஏழைப் பிள்ளையைக் காப்பாத்துற படிதான் எண்டால் அதை நான் எதிர்ப்பன்.

ஒரு விசயம் மட்டும் சொல்ல வேணும். எங்கட கந்தோரில எனக்கு மேல ஒரு பெரியவர் இருந்தவர். எந்த ஆளெடுப்பு முடிஞ்சாலும், எடுபடாத ஒவ்வொருத்தருக்கும் தன்ர கையால போஸ்காட் எழுதுவார். "தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. இம்முறை தெரிவு செய்யப்படவில்லை." ரெண்டே வரி. நூறு பேர் எண்டாலும் எழுதுவார். அவர் இளைப்பாறின பிறகு அந்தப் பழக்கத்தை நாங்கள் ஆரும் தொடரேல்லை. நானும் தொடரேல்லை. அதுக்கு எந்தச் சட்டமும் தடையா இருக்கேல்லை.

நெடுந்தீவுப்_பிள்ளை
செவ்வாய், காலை 7.45

ஐயா, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். நன்றி. என்ர கதையையும் சொல்லுறன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு அலுவலகத்தில முகாமைத்துவ உதவியாளர் வேலைக்கு எழுத்துச் சோதினை சித்தியடைஞ்சிருந்தன். ஏழு மாதம் ஒண்டுமில்லை. பிறகு ஒரு கடிதம். உள்ள சிங்களத்தில மட்டும் இருந்தது. எனக்குத் திகதியும் நேரமும்தான் விளங்கிச்சு, இலக்கம் எண்டபடியால். நேர்முகம் 14ஆம் திகதி காலை 8.30. கடிதம் என்ர கைக்கு வந்தது 16ஆம் திகதி. முத்திரையில குத்தின திகதியைப் பாத்தன், 11. அதாவது மூண்டு நாளுக்கு முந்தித்தான் தபாலில போட்டிருக்கினம். தீவுக்கு மூண்டு நாளில கடிதம் வருமெண்டு நினைச்சவையோ, தீவில ஆள் இருக்கிறதையே யோசிக்கேல்லையோ தெரியாது. போன் எடுத்துக் கேட்டன். "வராதவை விலகினவையாக் கருதப்படுவினம்" எண்டினம்.

அவையின்ர கணக்கில நானும் இடையில விட்ட ஆள்.

கடிதம் நேரத்துக்கு வந்திருந்தாலும் 8.30 க்கு யாழ்ப்பாணத்தில நிக்கிறதெண்டால் முதல் நாளே வரவேணும். குறிகட்டுவானுக்குப் படகில ஒரு மணித்தியாலம், காத்துக் கூடின நாளில இன்னும் கூட. அங்கயிருந்து புங்குடுதீவு, வேலணை தாண்டிப் பண்ணைப் பாலத்தால பஸ்ஸில வரவேணும். அப்ப டவுணில ஆர் வீட்டையாவது ஒரு இரவு தங்க வேணும். எல்லாருக்கும் டவுணில சொந்தக்காரர் இல்லை. வாணி அக்கா, உங்கட சோதினை எத்தினை மணிக்கு வைச்சனீங்கள்?

வாணி_கொக்குவில்
செவ்வாய், மத்தியானம் 12.20

8.30 க்குத்தான் தங்கச்சி. மண்டபம் 12 மணி வரைக்கும் எங்களிட்ட இருந்தது. ரெண்டு மணித்தியாலச் சோதினை. 10 மணிக்குத் தொடங்கியிருக்கலாம். வராத மூண்டு பேரில ரெண்டு பேர்ர விலாசம் தீவுப்பகுதி. இப்பத்தான் எடுத்துப் பாத்தன்.

ஆசிரிய_அம்மா
செவ்வாய், பின்னேரம் 4.30

என்ர மகள் ஒரு இடத்தில முதல் படியிலயே விட்டவ. ஒன்லைனில ஒரு படிவம். விண்ணப்பத்தை ஏத்தச் சொல்லிப்போட்டு, அதில உள்ளதையே திரும்பப் பெட்டி பெட்டியா நிரப்பச் சொன்னது. பள்ளிக்கூடம், வருசம், ஒவ்வொரு பாடத்துக்கும் பெறுபேறு. அதையும் நிரப்பினவ. ஏழாவது பக்கத்தில, அப்பான்ர தொழில் என்ன, வெளிநாட்டில சகோதரர் இருக்கினமோ, கலியாணம் முடிச்சவரோ, இல்லையெண்டால் எப்ப முடிக்கிற யோசனை எண்டு கேட்டிருந்தது. நான் குசினியில நிண்டனான். "அம்மா, இஞ்ச வாங்கோ" எண்டு கூப்பிட்டுக் காட்டினவ. கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியைப் பாத்துக்கொண்டிருந்தா. பிறகு லப்டொப்பை மூடி வைச்சிட்டா.

கலியாணப் பேச்சுக்கு வாறவை கேக்கிறதுக்கே அவளுக்குப் பதில் சொல்லிச் சலிச்சுப்போச்சு. கணக்குப் பாக்கிற வேலைக்கு அது ஏன்? கட்டிக்கொண்டு கனடா போயிடுவாளோ எண்ட பயமாம். பெடியங்களும்தான் போறாங்கள். அவங்களிட்ட இதைக் கேக்கிறேல்லை.

பட்டதாரி_2016
செவ்வாய், இரவு 8.15

ஒரு பட்டதாரியின்ர வீட்டில எத்தினை கோப்பு ஒரே நேரத்தில திறந்து கிடக்கு எண்டதை வேலை குடுக்கிறவை விளங்க வேணும்.

நான் கலைப்பிரிவு. 2017 இல கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு முன்னால வேலையில்லாப் பட்டதாரிகள் மாதக்கணக்கில போராட்டம் இருந்தபோது நானும் அந்தக் கொட்டிலுக்குள்ள இருந்தனான். 2020 இல அரசாங்கம் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநரா எடுக்கேக்க மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு. அதுக்குள்ள நான் ஒரு தனியார் நிறுவனத்தில 35,000 எடுத்துக்கொண்டிருந்தன். விட்டிட்டுப் போய் 20,000 க்குச் சேர்ந்தன். பைத்தியம் எண்டு நினைப்பியள். வீட்டில ஒருத்தரும் அப்படி நினைக்கேல்லை. ஓய்வூதியம் இருக்கு, அரசாங்க உத்தியோகம் எண்டால் கலியாணப் பேச்சில ஒரு சொல் இருக்கு, கம்பனி பூட்டினாலும் கச்சேரி பூட்டாது. 2022 இல 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில எத்தினை தனியார் இடங்கள் ஆக்களை நிப்பாட்டினது எண்டு எங்களுக்குத் தெரியும்.

அதால ஒரு பெடியன் தனியார் வேலைக்குப் போடேக்கயே, அரச சோதினை ஒண்டு எழுதி மறுமொழி பாத்துக்கொண்டிருப்பான், வெளிநாட்டுக் கோப்பு ஒண்டு ஏஜென்சியில இருக்கும், மாமா ஒருத்தர் லண்டனில "பாப்பம்" எண்டு சொல்லியிருப்பார். 2022 இல மட்டும் 3 இலட்சத்துக்கு மேல சனம் பதிவு செய்து வெளிநாட்டு வேலைக்குப் போனது. இந்தக் கோப்புகளில எது முதல் திறக்குதோ அதுக்குள்ள போவம். உங்கட கோப்பு மூண்டு மாதம் எடுத்தால் மற்ற மூண்டுக்கும் மூண்டு மாதம் கூடக் கிடைக்குது. அரச வேலைக்கு எண்டால் வருசக்கணக்கிலயும் காத்திருப்பம், அந்தக் கடைசியில என்ன இருக்கு எண்டு தெரியும். ஆறு மாதத் தகுதிகாண் காலத்துக்குப் பிறகு நிரந்தரமாக்குவினமோ எண்டு தெரியாத இடத்துக்கு அப்படிக் காத்திருக்கச் சொல்லேலாது.

உரும்பிராய்_வேக்சொப்
செவ்வாய், இரவு 9.05

நான் மோட்டர் சைக்கிள் திருத்துற இடம் வைச்சிருக்கிறன், அஞ்சு பேர் வேலை. ஆளெடுக்கிறது ஒரு நாள். காலமை வந்தால் ஒரு காபரேற்றரைக் கழட்டிக் கழுவிப் பூட்டச் சொல்லுவன். கழட்டின ஆணியளை எங்க வைக்கிறான் எண்டு பாப்பன். ஒரு துணியை விரிச்சு வரிசையா வைக்கிறவன் எனக்குக் காணும். நிலத்தில போடுறவனுக்குச் சொல்லிக் குடுக்கலாம், ஆனால் காலம் எடுக்கும். பிறகு மூண்டு நாள் வேலை, மூண்டு நாளுக்கும் நாள் கூலி குடுப்பன், எடுத்தாலும் எடுக்காட்டியும். நாலாம் நாள் சொல்லிப்போடுவன்.

அப்படி எடுத்தும் ரெண்டு பேர் விட்டிட்டுப் போனவங்கள்தான். ஒருத்தன் கட்டார். போகேக்க வந்து சொல்லி, தன்ர தம்பியைக் கொண்டு வந்து விட்டிட்டுப் போனவன். கூலி குடுக்காமல் வேலை வாங்கிப் பாக்கிறதை மட்டும் செய்யாதேங்கோ. என்ர மருமகனிட்ட ஒரு இடத்தில "சோதினை" எண்டு சொல்லி முழு இணையத்தளப் பக்கம் ஒண்டு செய்விச்சவை. நாலு இரவு இருந்து செய்தவன். ஆளை எடுக்கேல்லை, அந்தப் பக்கம் இப்பவும் அவையின்ர தளத்தில இருக்கு.

இரவுபஸ்
செவ்வாய், இரவு 9.40

இன்னொண்டு ஆரும் சொல்லேல்லை. சம்பளம். விளம்பரத்தில "கவர்ச்சிகரமான சம்பளம்". முதல் சுற்றில கேட்டால் "அது கடைசியில கதைப்பம்". என்ர கூட்டாளி ஒருத்தன் நாலு சுற்றும் போய்க் கடைசி நாள் கடிதத்தைப் பாத்தால், சொன்ன தொகையில அரைவாசிதான் அடிப்படைச் சம்பளம், மிச்சம் ஏதேதோ அலவன்ஸ். ஊழியர் சேமலாப நிதிக்கு எங்களிட்ட 8 வீதம் வெட்டி அவை 12 வீதம் போட வேணும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். அதெல்லாத்தையும் அந்தச் சின்ன அடிப்படையில கணக்குப் பாத்திருக்கினம். 15 வருசத்துக்கு எவ்வளவு இழப்பு எண்டு அங்கயே போனில தட்டிப் பாத்திட்டு, "யோசிச்சுச் சொல்லுறன்" எண்டு எழும்பி வந்தவன். அவையின்ர பதிவில அவனும் ஆர்வமில்லாமல் விட்ட ஆளாத்தான் இருப்பான். முதல் நாளே சொல்லியிருந்தால் ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு மாதம் மிச்சம்.

பனையோலை
செவ்வாய், இரவு 10.10

இளைப்பாறிய ஐயாவின்ர கேள்வியைத் தாண்டிப் போகக்கூடாது. சுருக்கிறது எண்ட பேரில "தெரிஞ்ச பெடியன், நல்லவன், எடுங்கோ" எண்டு போனால் அது இதைவிட மோசம். வேக்சொப் அண்ணை செய்யிறதைப் பாருங்கோ. எல்லாருக்கும் ஒரே காபரேற்றர், ஒரே மூண்டு நாள், நாலாம் நாள் பதில். ஐயா கேக்கிற நீதி அதுக்குள்ள முழுசா இருக்கு, நாளும் கொஞ்சம்தான். வாணி, உங்கட கோப்பில எந்தெந்த நாளில ஆராவது உண்மையா வேலை செய்தவை, எந்தெந்த நாளில அது சும்மா மேசையில கிடந்தது எண்டு பிரிச்சுப் பாக்கேலுமோ?

வாணி_கொக்குவில்
வியாழன், இரவு 9.30

பிரிச்சுப் பாத்தன். ரெண்டு நாள் எடுத்தது. இப்ப எழுதுறன்.

விளம்பரம் ஜனவரி 12. முடிவுத் திகதி ஜனவரி 31. சோதினை பெப்ரவரி 15. பெறுபேறு அனுப்பினது மார்ச் 3. போன் நேர்முகம் மார்ச் 10. கொழும்பு நேர்முகம் மார்ச் 27. வேலை தாறம் எண்டு கோல் எடுத்தது ஏப்ரல் 21. மொத்தம் 99 நாள்.

இந்த 99 நாளில ஒரு விண்ணப்பதாரரோட நாங்கள் செலவழிச்ச நேரம்: சோதினை 2 மணித்தியாலம், போனில 20 நிமிசம், நேரில 40 நிமிசம். மூண்டு மணித்தியாலம்.

மிச்ச நாள் எங்க போச்சு? விடைத்தாள் 16 நாள் கிடந்தது. 11 விடைத்தாள், திருத்த ஒரு பின்னேரம் காணும். திருத்த வேண்டியவர் மாதக் கணக்கு முடிக்கிறதில இருந்தவர், நான் கேக்கக் கூச்சப்பட்டுக் கேக்கேல்லை. மார்ச் 10 இலயிருந்து 27 வரை 17 நாள், மூண்டு முகாமையாளருக்கும் ஒரே நாள் வாய்க்கேல்லை. கடைசி 25 நாள் ஒரு கையெழுத்துக்கு. பணிப்பாளர் வெளிநாட்டில, பிறகு சித்திரை வருசப் பிறப்பு. இந்த 25 நாளும் அந்த ரெண்டு பேருக்கும் "உங்களைத்தான் தெரிஞ்சிருக்கிறம், கடிதம் கொஞ்சம் பிந்தும்" எண்டு ஒரு சொல் நான் சொல்லேல்லை. கையெழுத்தாகாமல் சொல்லக்கூடாது எண்டு ஒரு வழக்கம். அந்த வழக்கத்தை ஆர் எழுதினது எண்டு தேடிப் பாத்தன். எங்கயும் எழுதிக் கிடக்கேல்லை.

பிறகு விலகின அஞ்சு பேருக்கும் கோல் எடுத்தன். கை நடுங்கினது எண்டுதான் சொல்ல வேணும். நாலு பேர் கதைச்சினம். ஒருத்தர் நெல்லியடியில ஒரு கடையில எங்களை விடக் குறைஞ்ச சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கிறார். அங்க வெள்ளிக்கிழமை கதைச்சு, திங்கள் வரச் சொன்னவையாம். இன்னொருத்தர் அப்பாவைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போற ஆள், கொழும்புக்கு ரெண்டு இரவு விட்டிட்டுப் போக ஏலாது, அதை எங்களிட்டச் சொன்னால் வேலைக்கும் லீவு கேப்பார் எண்டு நினைப்பினம் எண்டு சொல்லேல்லை. வேலை இஞ்ச, யாழ்ப்பாணத்தில. கொழும்புக்கு ஏன் கூப்பிட்டனாங்கள் எண்டு அவர் கேக்க என்னட்டப் பதில் இருக்கேல்லை. மூண்டாவது ஆளுக்கு அரச நியமனம் வந்திட்டுது, சந்தோசமாக் கதைச்சவர்.

நாலாவது, பென்சிலால குறிப்பு எழுதின பிள்ளை. இப்ப ஒரு கணக்காய்வு நிறுவனத்தில இருக்கிறா. அவ சொன்னதை அப்படியே எழுதுறன். "அக்கா, சோதினைக்குப் பிறகு ரெண்டு கிழமைக்கு மேல ஒரு சத்தமும் இல்லை. நான் வினாத்தாளில பிழை இருக்கு எண்டு எழுதினது உங்களுக்குக் கோவம் வந்திட்டுது எண்டு நினைச்சன். ஏன் எழுதினனான் எண்டு அம்மாவும் பேசினவ. பிறகு போனில கதைச்ச சேரும் அதைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. கொழும்புக்கு வந்து அதுக்கு ஏச்சு வாங்க வேணுமோ எண்டு விட்டிட்டன்."

அந்தக் குறிப்பைக் கண்டு நாங்கள் கந்தோரில எல்லாருக்கும் காட்டிச் சந்தோசப்பட்டனாங்கள். அவவைத் தவிர எல்லாருக்கும் சொல்லியிருக்கிறம்.

இளைப்பாறிய_எழுதுவினைஞர்
வியாழன், இரவு 10.05

அந்தப் பிள்ளைக்கு இப்பவாவது சொன்னனீங்களோ மகள்?

வாணி_கொக்குவில்
வியாழன், இரவு 10.20

சொன்னன் ஐயா. கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு "அந்த 1,800 எதில வந்த பிழை எண்டு கண்டுபிடிச்சனீங்களோ?" எண்டு கேட்டா. நான் பாத்துச் சொல்லுறன் எண்டனான். கொள்வனவுத் திரும்பலை (வாங்கின சாமானைத் திருப்பி அனுப்பின தொகையை) ஒரு பக்கத்தில மட்டும் ரெண்டு தரம் பதிஞ்சிருக்கிறம். இண்டைக்கு வட்ஸ்அப்பில அனுப்பினன்.

இன்று பின்னேரம் முகாமையாளரோட இருந்து கதைச்சன். வெறுமையாக் கிடக்கிற கதிரைக்கு அடுத்த விளம்பரத்தில சோதினை, நேர்முகம், முடிவு சொல்லுற நாள் மூண்டும் போட ஒத்துக்கொண்டார். சோதினை 10.30 க்கு. விடைத்தாள் அதே கிழமை திருத்துறது. கொழும்பு ஆக்கள் வீடியோவில வருவினம், பிள்ளையள் எங்கட கந்தோருக்கு வந்தால் காணும். பணிப்பாளர் இல்லாட்டி கையெழுத்துக்கு இன்னொருத்தரை நியமிக்க மேல கேட்டிருக்கு. படிவத்தில குடும்பக் கேள்வியளை நானே எடுத்திட்டன், அதுக்கு ஆரிட்டயும் கேக்கேல்லை. எடுபடாத ஆக்களுக்கு ரெண்டு வரி நான் எழுதுவன் ஐயா, கையாலதான் எண்டில்லை, ஆனால் எழுதுவன்.

இரவுபஸ்
வியாழன், இரவு 10.31

சம்பளம் போடுறியளோ அக்கா?

வாணி_கொக்குவில்
வியாழன், இரவு 10.34

அதுக்கு மாட்டன் எண்டிட்டார் தம்பி. பழைய ஆக்கள் பாத்தால் பிரச்சினை வருமாம். அப்படியெண்டால் பழைய ஆக்களின்ர சம்பளத்தைத்தான் முதல் பாக்க வேணும் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். திங்கக்கிழமை திரும்பக் கேக்கப் போறன்.

நெடுந்தீவுப்_பிள்ளை
வெள்ளி, காலை 6.50

அக்கா, 10.30 எண்டால் காலமைப் படகில வந்து சேரலாம். விளம்பரம் எந்தப் பத்திரிகையில, எந்த நாள் எண்டு சொல்லுங்கோ. இஞ்ச இன்னும் ரெண்டு பேர் இருக்கினம்.